சர்வர் ஓடுகிறது, டிவியில் வரவில்லை: வீட்டு மீடியா சர்வர் இணைப்புக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"சர்வருடன் இணைக்க முடியவில்லை. பிறகு முயலவும்." டிவி ஆப்கள் பெரும்பாலும் இந்த ஒரே வரியைத்தான் காட்டும். சர்வர் அணைந்து கிடந்தாலும் இதே வரி, ஐபி முகவரி மாறியிருந்தாலும் இதே வரி, ஃபயர்வால் (உள்ளே வரும் இணைப்புகளை வடிகட்டும் பாதுகாப்பு) மறித்தாலும் இதே வரி. டிவித் திரையை வைத்துக்கொண்டு காரணம் தேடுவது வீண் வேலை. லேப்டாப்பையோ போனையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் காட்டும் பிழைச் செய்தியில் விவரம் அதிகம் இருக்கும்.

வீட்டுக் கணினியில் இருக்கும் படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள்தான் மீடியா சர்வர். அது ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி எதுவானாலும் கோரிக்கை போகும் பாதை ஒன்றுதான். கருவியிலிருந்து வைஃபை, அங்கிருந்து ரவுட்டர், பிறகு சர்வர் கணினி, அதன் ஃபயர்வால், கடைசியாகச் சர்வர் மென்பொருள். கோரிக்கை இதில் எதுவரை வந்து நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. சர்வர் பக்கத்திலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக நகர்ந்து பாருங்கள். கீழே உள்ள அறிகுறிகளும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரவுட்டரில் ஒன்று, சர்வரில் ஒன்று, ஆப்பில் ஒன்று என்று மூன்றையும் சேர்த்துக் கிளறிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. இன்னொன்று: மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். கோளாறு ரவுட்டரில் இருந்தால் அது அப்படியே இருக்கும், பார்த்த படங்களின் கணக்கும் பயனர் அமைப்புகளும் மட்டும் போய்விடலாம்.

முதலில் சர்வரின் உள் ஐபி முகவரியை (வீட்டு நெட்வொர்க்கில் அதன் எண்) குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் கட்டளை, லினக்ஸில் ஐபி கட்டளை காட்டும். ரவுட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலிலும் இருக்கும். வீட்டு முகவரிகள் 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து சர்வருக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையும் ரவுட்டரையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். 172.17 என்று தொடங்குவது பெரும்பாலும் டாக்கரின் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) உள் முகவரி, டிவியில் அதைக் கொடுத்தால் எதுவும் வராது.

போர்ட் எண் (ஒரே கணினியில் எந்த மென்பொருளுக்கான கோரிக்கை என்று பிரித்துக்காட்டும் எண்): ஜெல்லிஃபினுக்கு 8096, எம்பிக்கும் 8096, பிளெக்ஸுக்கு 32400. ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் எம்பியிலிருந்து கிளைத்துப் பிரிந்த திட்டம் என்பதால் போர்ட்டும் அப்படியே வந்துவிட்டது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரே கணினியில் நிறுவுபவர்கள், இரண்டாவது ஏன் கிளம்ப மறுக்கிறது என்று குழம்புவதும் இதனால்தான்.

சர்வர் கணினியிலேயே திறக்கவில்லை

அந்தக் கணினியின் பிரவுசரில் 127.0.0.1:8096 என்று அடித்துப் பாருங்கள். 127.0.0.1 என்றால் அந்தக் கணினியே. பிளெக்ஸ் என்றால் 127.0.0.1:32400, அதன் பின் ஒரு சாய்கோடு போட்டு வெப் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். திரை இல்லாத சர்வராக இருந்தால் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாக உள்ளே போய் கர்ல் கட்டளையால் அதே முகவரியைக் கேட்டுப் பார்க்கலாம்.

இங்கேயே வரவில்லையென்றால் ரவுட்டர், வைஃபை, டிவி எதன் மேலும் குற்றம் இல்லை. சர்வர் மென்பொருள் ஓடவில்லை, அல்லது கிளம்பும்போதே விழுந்துவிடுகிறது. லாக் கோப்பின் (சர்வர் தன் நடப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். அடிக்கடி கண்ணில் படுவது வட்டு நிரம்பிப்போன செய்தி. டிரான்ஸ்கோட் செய்யும்போது (கருவிக்கு ஏற்றபடி படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது) உருவாகும் தற்காலிகக் கோப்புகள் சேர்ந்து சேர்ந்து சிஸ்டம் இருக்கும் பகுதியை நிரப்பிவிடும், பிறகு தரவுத்தளத்தில் ஒரு வரிகூட எழுத முடியாது. போர்ட்டை வேறு மென்பொருள் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவும் லாக்கில் தெளிவாக இருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் அமைப்புக் கோப்புகளை வைத்திருப்பவர்கள், கணினி மறுபடி கிளம்பியபோது அந்த டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா (கணினியோடு சேர்ந்திருக்கிறதா) என்று பார்க்க வேண்டும்.

டாக்கரில் ஓட்டுபவர்கள் கன்டெய்னரின் நிலையைக் கவனியுங்கள். பட்டியலில் அது ஓடுவதாகத் தெரியும், ஆனால் ஓடத் தொடங்கிச் சில நொடிகளே ஆனதாகக் காட்டும். மறுபடி பார்த்தாலும் அதே சில நொடிகள் என்றால், அது விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது.

சர்வரில் திறக்கிறது, வீட்டில் வேறு எதிலும் திறக்கவில்லை

கோளாறுகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் சர்வரின் உள் ஐபியையும் போர்ட்டையும் அடியுங்கள், 192.168.1.20:8096 என்பது போல. முன்னால் எச்டிடிபி என்பதையும் சேர்த்தே அடியுங்கள். சில பிரவுசர்கள் தாமாகவே பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முயற்சி செய்யும், 8096-இல் சாதாரண எச்டிடிபி மட்டும் இருப்பதால் எஸ்எஸ்எல் பிழை என்று ஏதோ சொல்லும். பலர் அதைப் பார்த்துவிட்டு எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் சான்றிதழுக்கு வேலையே இல்லை.

இப்போது பிழை எப்படி வருகிறது என்று கவனியுங்கள். அடித்த உடனே "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று வருகிறதா, அல்லது நெடுநேரம் சுற்றிவிட்டு "நேரம் கடந்துவிட்டது" என்று வருகிறதா? போனில் கூப்பிட்டால் "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று பதில் வருவதற்கும், மணி அடித்துக்கொண்டே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

உடனே மறுத்தால் கோரிக்கை பெரும்பாலும் அந்தக் கணினி வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அந்தப் போர்ட்டில்தான் யாரும் இல்லை. போர்ட் எண்ணைத் தப்பாக அடித்திருக்கலாம். அல்லது சர்வர் தனக்குள்ளிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டும் காது கொடுக்கிறது. லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையோ விண்டோஸில் நெட்ஸ்டாட்டோ கொடுத்து, காத்திருக்கும் போர்ட்களின் பட்டியலைப் பாருங்கள். 8096-க்கு முன்னால் 0.0.0.0 என்றிருந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஏற்கும். 127.0.0.1 என்றிருந்தால் வெளியிலிருந்து யார் வந்தாலும் மறுக்கும். ஜெல்லிஃபினின் நெட்வொர்க் அமைப்பில் எந்த முகவரியோடு கட்டிப்போட வேண்டும் என்று ஒரு பெட்டி உண்டு. பழைய ஐபி ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தாலும் தொல்லைதான். அதைக் காலியாக விட்டுவிட்டுச் சர்வரை மறுபடி கிளப்புங்கள். டாக்கரில் போர்ட்டை வெளியே எடுத்துவிடும் வரியில் 127.0.0.1 சேர்ந்திருந்தாலும் இதே விளைவுதான்.

சுற்றிவிட்டு நேரம் கடந்ததாகச் சொன்னால் கோரிக்கையை வழியில் யாரோ சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபயர்வாலை. விண்டோஸில் ஒவ்வொரு நெட்வொர்க்கும் "பொது", "தனிப்பட்ட" என்று இரண்டில் ஒன்றாக வகைப்படுத்தப்பட்டிருக்கும். பொது என்றால் உள்ளே வரும் இணைப்புகளுக்குக் கெடுபிடி அதிகம். புது ரவுட்டர் மாட்டினால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க், வழக்கமாகப் பொது என்றே குறித்துக்கொள்ளும். "ரவுட்டர் மாற்றியதிலிருந்து வரவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். நெட்வொர்க்கின் பண்புகளுக்குள் போய்த் தனிப்பட்டது என்று மாற்றினால் பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும்.

ஃபயர்வால்தான் காரணமா என்று உறுதிசெய்ய ஒரு நிமிடம் அதை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். வேலை செய்தால் உடனே மறுபடி போட்டுவிட்டு, அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் உள்ளே வர அனுமதிக்கும் டிசிபி விதி எழுதுங்கள். அணைத்த நிலையிலேயே விட்டுவிட்டுப் படம் பார்க்கப் போய்விடக் கூடாது. தனியாக நிறுவிய ஆன்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலை வைத்திருந்தால் விண்டோஸில் எழுதும் விதி அதற்குப் பொருந்தாது, அதிலேயும் அனுமதி கொடுக்க வேண்டும். லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம்: டாக்கர் வெளியிடும் போர்ட்கள் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போய்விடும். அங்கே மறித்திருக்கிறேன் என்று நம்பியிருந்தால் மறித்திருக்காது, திறக்கவில்லையே என்று அங்கே தேடினாலும் பயனில்லை.

பிங் (கணினி பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளை) கொடுத்துப் பார்த்துப் பதில் வரவில்லை, அதனால் நெட்வொர்க்கே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாகவே பல நேரம் பிங்குக்குப் பதில் தராது. பதில் வந்தாலும் அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

சர்வர் கணினியில் விபிஎன் (இணையப் போக்குவரத்தைத் தனி மறைவழியில் அனுப்பும் மென்பொருள்) ஓடுகிறதா? இணைப்பு அறுந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் பாதுகாப்பு அம்சம் பல விபிஎன்களில் உண்டு, அது வீட்டு நெட்வொர்க்கையும் சேர்த்து நிறுத்திவிடும். உள்ளூர் நெட்வொர்க்கை அனுமதி என்ற தேர்வு அதன் அமைப்பில் எங்காவது இருக்கும்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் வரவில்லை

மற்ற எல்லாவற்றிலும் வருகிறது என்றால் சர்வரைத் தொடாதீர்கள். அந்தக் கருவியின் ஐபியை எடுத்துச் சர்வரின் ஐபியோடு வைத்துப் பாருங்கள். சர்வர் 192.168.1.20, டிவி 192.168.0.35 என்று மூன்றாவது எண் வேறுபட்டால், வழக்கமான வீட்டு அமைப்பில் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. வைஃபை தூரத்தை நீட்டப் பழைய ரவுட்டர் ஒன்றை மாட்டியிருந்தால் அது தனியாக ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொண்டிருக்கும். அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் தரும் முறை) மாற்றினால் சரியாகும். விருந்தினர் வைஃபையில் டிவியை இணைத்திருந்தாலும் வராது. அது கருவிகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்து வைப்பதற்காகவே இருக்கிறது. சில ரவுட்டர்களில் ஏபி ஐசொலேஷன் என்ற பெயரில் அதே பிரிப்பை முதன்மை வைஃபைக்கும் போட்டிருப்பார்கள். அப்போது வைஃபையில் இருக்கும் சர்வர், கேபிளில் உள்ள கருவிக்குத் தெரியும், வைஃபையில் உள்ள கருவிக்குத் தெரியாது என்று வினோதமாக நடக்கும்.

ஐபோன், ஐபேடில் ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேட ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அனுமதி வேண்டும். முதல் தடவை கேட்கும்போது "வேண்டாம்" என்று தட்டிவிட்டால் ஆப் அதன்பின் மறுபடி கேட்காது. செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் நீங்களேதான் போட்டுவிட வேண்டும். போனில் விபிஎன் ஓடினாலும், வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

பழைய டிவியில் மட்டும், அதுவும் எச்டிடிபிஎஸ் முகவரியில் மட்டும் வராவிட்டால் சான்றிதழ் மூலத்தைப் பாருங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதியதை அறியாத பழைய டிவிகளும் பெட்டிகளும் அன்றிலிருந்து மறுக்கின்றன. அந்த டிவிக்கு இனி அப்டேட் வரப்போவதில்லை என்றால், வீட்டுக்குள் சாதாரண எச்டிடிபியில் உள் ஐபியைக் கொடுப்பதே எளிது. கருவியின் தேதி தப்பாக இருந்தாலும் சான்றிதழ் தோற்கும்.

பிளெக்ஸுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. அது பாதுகாப்பான இணைப்புக்குத் தன் சொந்த டொமைன் பெயர் ஒன்றைப் பயன்படுத்தும், அந்தப் பெயர் உங்கள் வீட்டு ஐபியைக் காட்டும். வெளியே உள்ள ஒரு பெயர் உள் முகவரியைக் காட்டுவதைச் சில ரவுட்டர்களும் விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தரும்) சேவைகளும் தாக்குதல் என்று நினைத்துத் தடுத்துவிடும். டிஎன்எஸ் ரீபைண்ட் பாதுகாப்பு என்று அதற்குப் பெயர். பிளெக்ஸின் அந்த டொமைனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும்.

தேடினால் கிடைப்பதில்லை, முகவரி கொடுத்தால் வேலை செய்கிறது

சொல்லப்போனால் இது கோளாறே அல்ல. சர்வரைத் தானாகக் கண்டுபிடிக்கும் வேலை வேறு வழியில் நடக்கிறது. டிஎல்என்ஏ (டிவிகளும் மீடியா சர்வர்களும் பேசிக்கொள்ளும் பொதுத் தரம்) கருவிகள் 239.255.255.250 என்ற குழு முகவரிக்கு யுடிபி போர்ட் 1900 வழியாகக் கூவிப் பார்க்கும். ஜெல்லிஃபின் ஆப்கள் யுடிபி 7359-ஐப் பயன்படுத்தும். பிளெக்ஸ் யுடிபி 32410, 32412, 32413, 32414 ஆகியவற்றைப் பயன்படுத்தும். இந்தக் கூவல் ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி அடுத்ததற்குப் போகாது, டாக்கரின் வழக்கமான பிரிட்ஜ் (தனி உள் நெட்வொர்க்) அமைப்புக்குள்ளும் போகாது. ஆப்பில் முகவரியைக் கையால் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்பதே என் யோசனை. அதற்காக மெனக்கெடுவதில் லாபம் குறைவு.

டிவியோடு வந்த மீடியா பிளேயரில் பார்ப்பவர்கள் மட்டும் மெனக்கெடத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் முகவரி கொடுக்க இடமே கிடையாது. டாக்கராக இருந்தால், கணினியின் நெட்வொர்க்கையே பயன்படுத்தும் ஹோஸ்ட் நெட்வொர்க் முறைக்கு மாற்றுங்கள். ஜெல்லிஃபினில் 2024-இல் வந்த 10.9 பதிப்பு முதல் டிஎல்என்ஏ தனி பிளக்இன் ஆகிவிட்டது. அப்டேட் செய்த பிறகு டிவியில் சர்வர் காணாமல் போயிருந்தால் அந்த பிளக்இன்னை நிறுவினாலே திரும்பி வந்துவிடும்.

சர்வர் டிவிப் பட்டியலில் தெரிகிறது, சில நிமிடங்களில் மறைகிறது, சர்வரை மறுபடி கிளப்பினால் மீண்டும் தெரிகிறது என்றால் ஸ்விட்ச் அல்லது ரவுட்டரில் உள்ள ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் அமைப்பைப் பாருங்கள். யாருக்குக் குழுச் செய்தி வேண்டும் என்று அவ்வப்போது கேட்க ஒரு கருவி நெட்வொர்க்கில் இல்லாவிட்டால், ஸ்விட்ச் கொஞ்ச நேரத்தில் அனுப்புவதை நிறுத்திவிடும். வீட்டு அளவில் ஸ்னூப்பிங்கை அணைத்துவிட்டாலே போதும்.

நேற்று வரை வந்தது, இன்று இல்லை

நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் ரவுட்டர் மாற்றியிருக்கும். சர்வரின் ஐபி இன்றும் அதேதானா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்தபின் ரவுட்டர் புது முகவரி கொடுத்திருந்தால் டிவி பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் டிஎச்சிபி (முகவரி வழங்கும்) பகுதியில் சர்வரின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) ஓர் ஐபியை ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. அதை விட்டுவிட்டுச் சர்வர் கணினிக்குள் போய் நிலையான ஐபியைக் கையால் போடுபவர்கள், ரவுட்டர் அதே எண்ணை வேறொரு போனுக்குக் கொடுக்காதபடி அதன் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த போன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சர்வர் காணாமல் போகும். நேரம் பார்த்து வந்து வந்து போகும் கோளாறுகளில் இது கண்டுபிடிக்கச் சிரமமான ரகம்.

காலையில் வரவில்லை, சர்வர் அருகே போய் கீபோர்டைத் தொட்டால் வந்துவிடுகிறது என்றால் கணினி தூங்கிவிடுகிறது. தூக்க அமைப்பை அணைத்துவிடுங்கள். முதல் படம் தொடங்க மட்டும் பத்து நொடி போலத் தாமதம், பிறகு சரளம் என்றால் ஹார்ட் டிஸ்க் ஓய்விலிருந்து எழுகிறது, அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

இன்டர்நெட் போனால் வீட்டுக்குள்ளும் வரவில்லை. அல்லது வீட்டிலேயே சந்தா கேட்கிறது

இரண்டும் பிளெக்ஸில் வருபவை. பிளெக்ஸ் உள்நுழைவை இணையத்தில் உள்ள தன் கணக்கு வழியாகச் சரிபார்க்கிறது. இணையம் அறுந்த பிறகு செய்ய அதிகம் இல்லை. அறுவதற்கு முன்பே, சர்வரின் நெட்வொர்க் அமைப்பில் உள்நுழைவு கேட்காத முகவரிகளின் பட்டியலில் உங்கள் வீட்டு நெட்வொர்க்கைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஜெல்லிஃபினில் கணக்குகள் சர்வரிலேயே இருப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவதற்குப் பின்னணி: 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து வெளியிடங்களில் இருந்து பார்ப்பதைப் பிளெக்ஸ் கட்டண வசதியாக்கிவிட்டது. வீட்டுக்குள் பார்க்க அந்தக் கட்டணம் தேவையில்லை. டாக்கர் பிரிட்ஜ், விபிஎன், இரண்டாவது ரவுட்டர் போன்ற காரணங்களால் சோபாவில் உட்கார்ந்திருப்பவரையும் சர்வர் வெளியாள் என்று எண்ணிவிடுகிறது. லான் நெட்வொர்க்ஸ் என்ற பெட்டியில் 192.168.1.0/24 என்பது போல உங்கள் நெட்வொர்க்கை எழுதினால் பெரும்பாலும் சரியாகும். வீட்டிலேயே படம் மங்கலாக வருவதற்கும் பல நேரம் இதே குழப்பம்தான் காரணம்.

இணைகிறது, படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

ஓடும் படத்தைச் சர்வரின் டாஷ்போர்டில் பாருங்கள். நேரடியாகப் போகிறதா, டிரான்ஸ்கோட் ஆகிறதா என்று அங்கே எழுதியிருக்கும். டிரான்ஸ்கோட் என்றால் நெட்வொர்க்கை விட்டுவிடுங்கள், திணறுவது பிராசசர். சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். புளூரேயிலிருந்து எடுத்த பிஜிஎஸ் வகைச் சப்டைட்டில் எழுத்துகளாக இல்லாமல் படங்களாக இருக்கும், பல கருவிகளுக்காகச் சர்வர் அதைக் காட்சியின் மேல் பதித்து முழுப் படத்தையும் புதிதாகக் குறியாக்க வேண்டியிருக்கும். எழுத்து வடிவிலான எஸ்ஆர்டி சப்டைட்டிலுக்கு மாறினாலே சில வீடுகளில் முழுச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

நேரடியாகப் போயும் சுற்றுகிறது என்றால்தான் நெட்வொர்க் பக்கம் வர வேண்டும். கேபிள் மாட்டினால் வேகம் என்ற பொதுநம்பிக்கை டிவி விஷயத்தில் ஏமாற்றும். பல டிவிகளின் லான் போர்ட் 100 மெகாபிட்தான். 4கே புளூரேயின் உச்ச வேகம் 128 மெகாபிட் வரை போகக்கூடியது. சுருக்காத 4கே கோப்பு, நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஓடி, கேபிளில் தடுக்குவது இதனால்தான்.

வீட்டில் வருகிறது, வெளியில் வரவில்லை

போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வெளி முகவரியைச் சோதித்தால் விடை தப்பாகவே வரலாம். சில ரவுட்டர்களால் உள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய் மறுபடி உள்ளே திரும்பி வர முடியாது. டொமைன் பெயர் வெளியில் வேலை செய்து வீட்டில் மட்டும் செய்யாததும் இதே காரணத்தால்தான். வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள் ஐபியை எழுதிவிட்டால் தீரும்.

போர்ட் ஃபார்வர்டிங் (வெளிக் கோரிக்கையைச் சர்வருக்கு அனுப்பும் ரவுட்டர் விதி) போட்டும் வரவில்லையா? ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இருக்கும் வேன் (இணையப் பக்க) முகவரியையும், உங்கள் ஐபி எது என்று காட்டும் இணையதளம் சொல்வதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் விதியில்தான் பிழை. எந்த உள் ஐபிக்கு அனுப்புகிறது என்று பாருங்கள், பழைய ஐபியாக இருக்கும். வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டிருக்கிறது, சிஜிநாட் என்பார்கள். நீங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் அவர்கள் பக்கத்தில் கதவு திறக்காது. வேன் முகவரி 192.168 என்றோ 10 என்றோ இருந்தால், முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கலாம், பெரும்பாலும் இணைய நிறுவனம் மாட்டிய மோடமே அது. அதைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும், அல்லது அதிலும் ஒரு விதி எழுத வேண்டும்.

பிளெக்ஸ் வெளியில் வருகிறது, ஆனால் படம் படு மங்கல் என்றால், நேரடி வழி கிடைக்காமல் அதன் ரிலே (பிளெக்ஸின் இடைச் சர்வர்) வழியாகப் போகிறது. அதில் அதிகபட்சம் 2 மெகாபிட்தான். ஜெல்லிஃபினில் வெளி இணைப்புக்கான அனுமதி சர்வர் அளவில் ஒன்று, பயனர் ஒவ்வொருவருக்கும் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் வெளியில் வரவில்லை என்றால் அவர் கணக்கைத் திறந்து பாருங்கள். ரிவர்ஸ் பிராக்சி (வெளிக் கோரிக்கையை வாங்கிச் சர்வருக்குக் கடத்தும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு 502 பிழை வந்தால் பிராக்சி வரை எல்லாம் சரி, அங்கிருந்து சர்வருக்குத்தான் போகவில்லை. பிராக்சி தனிக் கன்டெய்னரில் இருந்துகொண்டு 127.0.0.1-ஐத் தேடினால் தன்னைத்தானே தேடிக்கொண்டிருக்கும். உள்நுழைவு ஆகிறது, ரிமோட் கட்டுப்பாடும் ஒன்றாகப் பார்க்கும் வசதியும் மட்டும் இயங்கவில்லை என்றால் வெப்சாக்கெட்டுக்கான (திறந்தபடியே இருக்கும் இணைப்பு) தலைப்பு வரிகளைப் பிராக்சியில் சேர்க்க விட்டிருக்கிறீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, குடும்பத்தார் மட்டும் பார்க்கும் சர்வருக்குப் போர்ட்டைத் திறக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். டெய்ல்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் விபிஎன் போட்டால் வெளியிலிருந்தும் வீட்டுக்குள் இருப்பது போலவே வேலை செய்யும். டெய்ல்ஸ்கேல் சிஜிநாட் இருந்தாலும் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். தன் கருவிகளுக்கு அது தருவதும் அதே 100.64 வரம்பிலிருந்துதான், ஆகவே அந்த எண்ணைப் பார்த்துச் சிஜிநாட் என்று குழம்ப வேண்டாம். 2022-இல் கடவுச்சொற்களைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில், ஊழியர் ஒருவரின் வீட்டுக் கணினியில் அப்டேட் செய்யாமல் கிடந்த பிளெக்ஸ் சர்வர் ஒரு வழியாக இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2020-லேயே வெளிவந்திருந்தது. போர்ட்டைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் வரவில்லை

யாரிடமாவது உதவி கேட்கப் போகும்போது "வரவில்லை" என்று மட்டும் எழுதாமல், சர்வரிலேயே திறக்கிறதா, வீட்டில் வேறு கருவியில் திறக்கிறதா, உடனே மறுக்கிறதா அல்லது சுற்றி நிற்கிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள். சர்வர் பதிப்பு, ஆப் பதிப்பு, டாக்கரா நேரடி நிறுவலா என்பதும் வேண்டும். உள் ஐபியை மறைக்கத் தேவையில்லை, 192.168 முகவரியை வைத்து வெளியாள் எதுவும் செய்ய முடியாது, மறைத்தால் உதவுபவருக்குத்தான் கஷ்டம். பொது ஐபியையும் டொமைன் பெயரையும் மறையுங்கள். லாக்கை ஒட்டும் முன் டோக்கன், ஏபிஐ கீ என்ற சொற்களைத் தேடி, பக்கத்தில் இருக்கும் நீண்ட எழுத்துக்கோவையை அழித்துவிடுங்கள், அது கையில் கிடைத்தால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வரலாம்.